உறுதி காட்டி ஊர் திரும்பிய துவக்குகள்

2023 ஆம் ஆண்டு திசெம்பர் 5 ஆம் திகதி, கொழும்பு தேசிய நூதனசாலையில் ஆறு பொருள்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1765 ஆம் ஆண்டு கண்டி அரண்மனையிலிருந்து ஒல்லாந்தப் படையினர் கொள்ளையிட்டுச் சென்று, பின்னர் அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்த பொருள்கள் அவை. பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் இழைத்த சிறு பீரங்கி ஒன்று, பொன் வேலைப்பாடு கொண்ட சடங்கு வாள் ஒன்று, வெள்ளி வேலைப்பாடு கொண்ட மற்றொரு வாள், கத்தி ஒன்று, பெருந்துவக்குகள் இரண்டு.

பத்திரிகைகள் அனைத்தும் பீரங்கியையே எழுதின. படமும் அதற்கே கிடைத்தது. அதில் வியப்பில்லை. ஒரு மீற்றரைச் சற்றே தாண்டும் நீளமுள்ள வெண்கலக் குழலின்மீது சூரியனும் சந்திரனும் சிங்கமும் பொறிக்கப்பட்ட அரச பீரங்கி அது. துவக்குகள் இரண்டும் செய்தியின் கடைசி வரியில் எண்ணிக்கைக்காக மட்டும் இடம்பெற்றன. ஆயினும், அவற்றுக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயரைக் கேட்ட யாழ்ப்பாணத்தவர் எவரும் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்திருப்பர். 'மகா துவக்கு' என்பதே அப்பெயர்.

துவக்கு என்னும் சொல்

தமிழ்நாட்டவர் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம். சிங்களவர் 'துவக்குவ' என்கின்றனர். துப்பாக்கி, துவக்கு ஆகிய இரு சொற்களுமே துருக்கி மொழியின் மூலத்திலிருந்து கிளைத்தவை என்பர் அகராதிக்காரர். வெடிமருந்தோடும் குழலோடும் கூடவே சொல்லும் கடல் கடந்து வந்தது. வந்த சொல்லை நாம் நம் வழக்குக்கு இணக்கிக்கொண்டோம். வன்னியிலே வேட்டைக்காரர் வைத்திருந்த, குழல் வாயினால் மருந்தை இட்டு இடித்து இறுக்கிச் சுடும் நாட்டுத் துவக்கு 'இடியன்' ஆயிற்று. சுடுவதை 'வெடி வைத்தல்' என்றோம்.

இச்சொல் உறவு ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. கண்டி இராச்சியத்தில் துவக்கு ஏந்திய படைப்பிரிவின் பெயர் 'வெடிக்கார லேக்கம்'. வெடிக்காரன் என்ற சொல்லுக்கு உரை தேவைப்படும் தமிழர் எவரும் இல்லை. இரு மொழியினரும் ஒரே ஆயுதத்தை ஒரே சொல்லால் அழைத்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இவ்விரு பெருந்துவக்குகளும் வாயில்லாச் சாட்சிகள்.

இலங்கையிலே துவக்குச் செய்தொழில் மிக விரைவில் வேரூன்றிற்று. போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டளவில் கொழும்பிலே கரையிறங்கியபோது அவர்களுடைய வெடியோசை கேட்டு மக்கள் திகைத்த கதையை இராஜாவலிய கூறும். அந்நூற்றாண்டு முடிவதற்குள், சிங்களக் கொல்லரின் துவக்குக் குழல்களை ஒல்லாந்தப் பயணியான லின்ஸ்கோட்டன் தம் நூலில் மெச்சி எழுதுமளவுக்கு நிலைமை மாறியிருந்தது. மலைநாட்டு இராச்சியம் மூன்று ஐரோப்பிய வல்லரசுகளுக்கு முன்னே 1815 வரை நின்று பிடித்தமைக்குக் காடும் மலையும் காய்ச்சலும் மட்டுமன்றி இக்கொல்லர்களும் காரணம்.

1765

1760 ஆம் ஆண்டு தென்மேற்குக் கரையோரக் குடிகளின் கிளர்ச்சியோடு தொடங்கியது கண்டிக்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்கும் இடையிலான போர். அரியணையில் இருந்தவர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் குலத்தவர். தம் மைத்துனர் ஸ்ரீ விஜய இராஜசிங்கனுக்குப் பின் 1747 இல் பட்டம் எய்தியவர். சிங்கள பௌத்த அரசின் காவலராகவும் சைவப் பின்னணி உடையவராகவும் ஒருங்கே விளங்கிய இம்மன்னரின் அவையிலே தமிழ் அந்நிய மொழியாக இருக்கவில்லை.

1764 இல் ஒல்லாந்தர் தொடுத்த படையெடுப்புத் தோற்றது. மறு ஆண்டு ஆளுநர் லூபெர்ட் யான் வான் எக் தாமே படையுடன் மலையேறினார். 1765 பெப்ரவரியில் கண்டி வீழ்ந்தது. மன்னர் தலைநகரைக் கைவிட்டு உள்மலைக்குள் ஒதுங்கினார். வெறிச்சோடிய அரண்மனை சூறையாடப்பட்டது.

வெற்றி நிலைக்கவில்லை. கொழும்புக்குத் திரும்பிய வான் எக் ஏப்ரல் முதலாம் திகதி மரணமானார். கண்டியில் நிறுத்தப்பட்ட காவற்படை நோயினாலும் பசியினாலும் மறைந்திருந்து தாக்கிய மலைநாட்டாராலும் நலிந்து, அதே ஆண்டு ஓகஸ்டில் பின்வாங்கியது. ஆயினும் மன்னரும் களைத்திருந்தார். 1766 பெப்ரவரி 14 இல், புதிய ஆளுநர் இமான் வில்லெம் ஃபால்க்கின் காலத்தில், உடன்படிக்கை கைச்சாத்தானது. இலங்கையின் கரையோரம் முழுவதும் கொம்பனியின் கைக்குப் போனது. யாழ்ப்பாணத்தின் மீது கொம்பனிக்கிருந்த ஆட்சியுரிமையையும் கண்டி மன்னர் ஏற்றுக்கொண்டது அந்த ஏட்டிலேதான். நல்லூரின் அரசு வீழ்ந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின், அதன் நிலத்துக்குரியவர் யார் என்பதை, அந்நிலத்தவர் எவரும் அமர்ந்திராத சபையில் இரு தரப்பினர் எழுதி முடித்தனர்.

பீரங்கி வைத்திருந்தவரும் கோட்டை கொடுத்தவரும்

கொள்ளைப் பொருள்களில் சிறந்தவை நெதர்லாந்தின் ஸ்டாட்ஹோல்டராக இருந்த ஐந்தாம் வில்லியம் இளவரசரின் அரும்பொருட் கூடத்தைச் சென்றடைந்தன. பீரங்கியும் அங்கே காட்சிப் பொருளாயிற்று.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1795 சனவரியில் பிரெஞ்சுப் படைகள் நெதர்லாந்தினுள் புகவே, இளவரசர் அனைத்தையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். மன்னரின் பீரங்கியைக் கூடத்திலே வைத்திருந்தவர், தம் மாளிகையை விட்டு ஓட நேர்ந்தது. இலண்டனை அடுத்த கியூ அரண்மனையில் தங்கியிருந்தபடி, பெப்ரவரி மாதத்தில், ஒல்லாந்தக் குடியேற்ற நாடுகளின் ஆளுநர்களுக்கு அவர் கடிதங்கள் எழுதினார். ஆங்கிலப் படைகளை நண்பர்களாக ஏற்றுக் கோட்டைகளுக்குள் அனுமதிக்குமாறு பணித்த அக்கடிதங்கள் வரலாற்றிலே கியூ கடிதங்கள் எனப்படுகின்றன.

அக்கடிதங்களைப் பெற்ற ஆளுநர்கள் ஏற்பதா மறுப்பதா எனத் தயங்கியிருக்க, ஆங்கிலேயர் காத்திருக்கவில்லை. ஓகஸ்டில் திருகோணமலை வீழ்ந்தது. செப்ரெம்பர் 28 இல், கேணல் ஜேம்ஸ் ஸ்டுவார்ட்டிடம் யாழ்ப்பாணக் கோட்டை ஒப்படைக்கப்பட்டது. ஐங்கோண வடிவில் ஒல்லாந்தர் கட்டிய அக்கோட்டையின் உள் அரண்கள் 1680 இலும் புற அரண்கள் 1792 இலும் நிறைவுற்றவை. நூறு ஆண்டுகளுக்கு மேல் கல் சுமந்து கட்டிய கோட்டை, வேலை முடிந்த மூன்றாம் ஆண்டிலே, ஒரு வெடிகூட வைக்காமல் கைமாறிற்று. கல் சுமந்தவர் நம் குடாநாட்டு மக்கள். கைமாற வழி திறந்த கடிதத்தை எழுதியவர், கண்டி மன்னரின் பீரங்கியைக் காட்சிக்கு வைத்திருந்தவர். கண்டியின் கதைக்கும் யாழ்ப்பாணத்தின் கதைக்கும் முடிச்சு விழும் இடம் இது.

பொருளுக்கும் ஓர் உறுதி

இளவரசரின் கூடத்திலிருந்த பீரங்கி 1800 ஆம் ஆண்டளவில் நாட்டின் பொதுச் சேகரிப்பினுள் வந்தது. அதுவே பிற்காலத்தில் ரைக்ஸ் அருங்காட்சியகமாக வளர்ந்தது. இலங்கை அரசு 1980 இல் யுனெஸ்கோ வழியாகத் தன் அரும்பொருள்களைத் திரும்பக் கேட்டது. அதற்கு அடிப்படையாக அமைந்தது, வெளிநாட்டு நூதனசாலைகளில் உள்ள இலங்கைப் பொருள்களைப் பற்றிக் கலாநிதி பி. எச். டி. எச். டி சில்வா தொகுத்து 1975 இல் வெளியிட்ட பேரட்டவணை. அன்று எவரும் செவி சாய்க்கவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் நிலைமை மாறிற்று. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் விருப்பத்துக்கு மாறாகப் பறிக்கப்பட்டவை என்று நியாயமான அளவில் நிறுவப்படும் பொருள்களை, உரிய நாடு கேட்டால் திருப்பிக் கொடுப்பது என்ற கொள்கையை நெதர்லாந்து அரசு 2021 இல் ஏற்றது. ஒல்லாந்த ஆய்வாளரும் இலங்கை ஆய்வாளரும் சேர்ந்து ஆறு பொருள்களின் வழியையும் தேடினர். பீரங்கியின்மேல் சிங்கள எழுத்தில் ஒரு பெயர் இருந்தது: லெவ்கே திசாவை. 1740களின் நடுப்பகுதியில் அவர் மன்னருக்குக் காணிக்கையாக வழங்கியது அது. அந்த எழுத்தையும், கொம்பனியின் கடிதங்களையும், இளவரசர் கூடத்தின் பட்டியல்களையும், வேலைப்பாட்டின் இயல்பையும் ஒன்றோடொன்று பொருத்தி, கண்டியிலிருந்து ஹேக் வரையிலான பாதையை அவர்கள் மீட்டனர். 2023 யூலையில் நெதர்லாந்து அரசு தன் முடிவை அறிவித்தது. அதே அறிவிப்பில் இந்தோனேசியாவுக்கு நூற்றுக்கணக்கான பொருள்கள், இலங்கைக்கு ஆறு.

இவ்வகைத் தேடலுக்கு மேலைநாட்டார் பெரிய பெயர்கள் வைத்திருக்கின்றனர். யாழ்ப்பாணத்தாருக்கு அதனை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: உறுதி. காணிக்கு உறுதி எழுதுவதைப் போலப் பொருளுக்கும் உறுதி உண்டு. யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டு, எந்த வகையில் கைமாறியது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்கவேண்டும். அறுந்தால் வழக்குத் தோற்கும். வலிகாமம் வடக்கிலே உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகளைத் திரும்பக் கேட்டு அலுவலகங்களின் படியேறிய மக்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஓடும்போது உறுதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் ஒருவிதமாக நின்றனர். அடுப்படியிலே விட்டுவிட்டு ஓடியவர் வேறு விதமாக நின்றனர். மகா துவக்குகள் இரண்டும் தம் உறுதியைக் காட்டி ஊர் திரும்பின.

ஏந்தியவன் எங்கே?

ஆனால் அந்த உறுதியில் ஒரு பெயர் இல்லை. கொடுத்த திசாவையின் பெயர் உண்டு. இழந்த மன்னரின் பெயர் உண்டு. பறித்த ஆளுநரின் பெயரும், வைத்திருந்த இளவரசரின் பெயரும் உண்டு. அந்தப் பெருந்துவக்கைத் தோளிலே சுமந்து மதிலிலே சாய்த்து மருந்திட்டவனின் பெயர் எங்கும் இல்லை.

அவன் யாராக இருந்திருப்பான் என்பது இருளில் கிடக்கும் செய்தியன்று. கண்டி ஆட்சிமுறையை ஜோன் டொய்லி எழுதிவைத்த குறிப்புகளிலே படைப்பிரிவுகள் வரிசையாக வருகின்றன: துவக்கு ஏந்தியோருக்கு வெடிக்கார லேக்கம், மன்னரின் சொந்தச் சுடுகலன்களைக் காத்தோருக்கு வடன துவக்குக்கார லேக்கம், மரக்கால்களின்மேல் நிறுத்திச் சுடும் சிறு பீரங்கிகளைக் கையாண்டோருக்குக் கொடிதுவக்கு லேக்கம். இவர்கள் சம்பளப் படையினர் அல்லர். மன்னரிடமிருந்து வயற்பங்கு பெற்று, அதற்கு ஈடாக முறை வைத்துச் சேவை செய்த குடியானவர். எந்த ஊரில் எந்த வயலுக்கு எவன் எந்தச் சேவைக்குக் கடமைப்பட்டவன் என்பதை 'லேக்கம் மிட்டி' என்ற ஓலைப் பதிவேடுகள் வைத்திருந்தன. இன்றும் கொடிதுவக்கு என்பது சிங்களவரிடையே ஒரு குடும்பப் பெயர். மூதாதை ஏந்திய ஆயுதம் பேரப்பிள்ளைகளின் பெயராய் எஞ்சியிருக்கிறது. ஆயுதத்தின் மேல் மூதாதையின் பெயர் இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் அதே கதைதான். வான் எக்குடன் மலையேறிய படையில் ஐரோப்பியர் ஒரு பகுதியினரே. ஒல்லாந்தர் 'யாவகர்' என்று எழுதிய மலாய் வீரர்கள், இந்தியக் கரைகளில் திரட்டப்பட்ட சிப்பாய்கள், இலங்கையின் லஸ்கோரின்கள் என்போரும் அதில் இருந்தனர். தூக்கியவர்களும் பறித்தவர்களும் சுமந்து இறக்கியவர்களும் பெரும்பாலும் இந்தக் கடலைச் சூழ வாழ்ந்த ஏழைகள். காய்ச்சலில் இறந்து வழியிலே புதைபட்டவர்களும் அவர்களே.

துவக்கின் கதையை எழுதுவோர் அதன் சொந்தக்காரனோடு நின்றுவிடுவது உலக வழக்கம். முப்பது ஆண்டுப் போரைக் கண்ட மண்ணிலே அது போதாது. ஏந்தியவனின் பெயர் எழுதப்படாதபோது என்ன நேரும் என்பதை இங்குள்ள தாய்மார் அறிவர். படத்தைக் கையில் ஏந்தித் தெருவோரத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கும் அவர்கள் கேட்பதும், ஒரு பெயருக்கு நேரே எழுதப்பட்ட ஒரு விடையைத்தான்.

நமது உறுதிப் பெட்டி

இனி நம் பக்கத்துக் கணக்கு. 1560 இல் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தாந்தீனோ த பிரகன்சா நல்லூரைத் தாக்கினார். அங்கு கைப்பற்றப்பட்டதாகக் கூறப்பட்ட பல், புத்தரின் தந்தம் என மதிக்கப்பட்டது. பெகு மன்னன் பெரும்பொருள் தர முன்வந்தும், அதனை 1561 இல் கோவாவிலே இடித்துத் தூளாக்கி எரித்தனர். தூளான பொருளுக்கு ஊர் திரும்பும் வழியில்லை. 1619 இல் பிலிப் டி ஒலிவேரா சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினார். அங்கே அவன் கொல்லப்பட்டான். அவ்வீழ்ச்சியை விரிவாக எழுதியவர்களுள் முதன்மையானவர் பாதிரியார் குவேறோஸ். இலங்கை மண்ணில் கால் வைக்காமல், கோவாவிலிருந்தபடி, அந்நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அவர் எழுதினார். நல்லூர் வீரர் எந்தத் துவக்கை ஏந்தினர், தஞ்சை நாயக்கர் அனுப்பிய வடுகப்படை எப்படிப் பொருதது என்பனவற்றையெல்லாம் நாம் வென்றவர் பக்கத்து ஏடுகளிலிருந்தே பொறுக்கவேண்டியிருக்கிறது. அரசின் ஏடு அரசோடு போயிற்று.

ஒல்லாந்தர் காலத்துக்கு ஏட்டுப் பஞ்சமில்லை. கொம்பனி எழுதிக் குவித்தது. யாழ்ப்பாணக் கொமாந்தர் ஸ்வார்டகுரூன் 1697 இல் விட்டுச் சென்ற நினைவுக்குறிப்பு, 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, நிலத்தோம்புகள் என்று பட்டியல் நீளும். கொம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003 இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆனால் அவை ஹேக்கிலும் கொழும்பிலும் உள்ளன. ஒல்லாந்த மொழியில் உள்ளன.

நம் கையில் இருந்தவற்றின் கதை தெரிந்ததே. 1981 யூன் தொடக்கத்தில், சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து முடிந்தது. கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் அதிலே போயின. 1990 இல் கோட்டையைச் சுற்றி நடந்த முற்றுகையின்போது, 1706 ஆம் ஆண்டின் ஒல்லாந்தத் தேவாலயம் இடிபாடாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தபோது, வீடுதோறும் இருந்த பெட்டகங்களும் படங்களும் கொடிவழிக் குறிப்புகளும் அப்படியே விடப்பட்டன.

நெதர்லாந்தின் ஏற்பாட்டில், திரும்பக் கேட்கும் உரிமை நாட்டு அரசுக்கே உரியது. மாகாணத்துக்கோ ஊருக்கோ அன்று. ஆகவே நம் பொருள் எங்கேனும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்குமாயின், அதனைக் கொழும்பு கேட்கவேண்டும். கொழும்பு கேட்பதற்கு நாம் சான்று கொடுக்கவேண்டும். டி சில்வாவின் அட்டவணை 1975 இல் வெளிவந்தது. பொருள் 2023 இல் வந்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகள் அந்தத் தாள் காத்திருந்தது. தாள் இல்லாதிருந்தால் காத்திருக்கவும் எதுவும் இருந்திராது.

பல்கலைக்கழகத்து அறிஞர் மட்டும் செய்யவேண்டிய பணி என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. கோயில் களஞ்சியத்தில் உள்ள வாளும் வேலும், பழைய வீட்டுப் பரணில் கிடக்கும் துருப்பிடித்த குழலும், முப்பாட்டன் வைத்திருந்த இடியனுக்கு ஆங்கிலேயர் காலத்தில் கொடுத்த அனுமதிப் பத்திரமும் எங்கிருந்து வந்தன, யார் கையாண்டார், யார் சொல்லக் கேட்டோம் என்பவற்றை ஒரு தாளில் திகதியிட்டு எழுதிவைக்கலாம். பிரதி ஒன்றை நூலகத்துக்கும் மற்றொன்றைக் கடல் கடந்த உறவினருக்கும் அனுப்பலாம். ஒரே இடத்தில் வைத்த ஏடு ஒரே தீயில் போகும் என்பதை நாம் பார்த்தவர்கள். எழுதும்போது சொந்தக்காரரின் பெயரோடு நிறுத்திவிடாமல், சுமந்தவனின் பெயரும் தெரிந்தால் அதையும் எழுதுக. கொழும்புக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மகா துவக்குகளுக்கு அந்த ஒரு வரி இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது.